தறியும் சேலையும் விடுதலைப் போரும்



தீபாவளி நெருங்கினால் நம் தாசேக் கெலுகோர் வட்டாரத்துக் குடும்பங்கள் பட்டர்வொர்த் சென்று, பெர்ரி ஏறிக் கடல் கடந்து, பினாங்குத் தெருவிலும் மார்க்கெட் தெருவிலும் சேலை வாங்கிவருவது பல்லாண்டு வழக்கம். கடைவாசலில் தொங்கும் சேலைகளின் நிறத்தையும் விலையையும் பார்க்கின்றோம். அச்சேலை யார் கையால் நெய்யப்பட்டது, எந்த ஊரில் பிறந்தது, அதற்கென ஒரு வரலாறு உண்டா என்று கேட்பவர் மிகச் சிலரே. பாரத நாட்டு விடுதலை வரலாற்றில் துப்பாக்கிக்கும் சிறைச்சாலைக்கும் உள்ள இடத்தைப் போலவே துணிக்கும் ஓர் இடம் உண்டு. அவ்வரலாற்றின் ஓர் இழை நம் மலாயாத் தோட்டங்கள் வரை நீண்டு வந்துள்ளது. அதனை இம்மலரில் விளக்க முற்படுகின்றோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். துணி என்னும் சொல் துணித்தல், அதாவது வெட்டுதல் என்பதன் அடியாகப் பிறந்தது. பழந்தமிழில் துணிக்கு அறுவை என்றொரு பெயரும் உண்டு, அறுக்கப்படுவது அறுவை. தறியிலிருந்து அறுத்தெடுக்கப்படுவதால் வந்த பெயர்கள் இவை. சங்கப் புலவர்களுள் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். இன்றைய வழக்கில் அறுவை என்றால் மருத்துவமனையே நினைவுக்கு வரும். அன்றோ அப்புலவர் துணி வணிகர்! இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்பே துணிக்கடை நடத்தியவரும் கவி பாடிய நாடு நம் முன்னோர் நாடு என்பதில் நமக்குச் சற்றே பெருமிதம் உண்டு.

சேலை என்பது தையல் அறியாத ஆடை. ஆறு கெஜம் நீளமுள்ள ஒரே துணி. பழைய முறையில் கட்டுவோர்க்குப் பதினெட்டு முழம், அதாவது ஒன்பது கெஜம். இத்துணியில் நீளவாட்டில் ஓடும் நூல் பாவு. குறுக்கே ஓடும் நூல் ஊடை. நெசவாளர் குழித்தறியில் அமர்ந்து, காலால் மிதியை மிதிக்கும்போது பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிகின்றன. அந்த இடைவெளியில் ஊடை நூல் சுற்றிய நாடா பாய்ந்து செல்கின்றது. பின் அச்சு அந்நூலை இழுத்து அடிக்கின்றது. இவ்வாறு ஓர் இழை, மற்றோர் இழை என்று ஆயிரக்கணக்கான முறை கையும் காலும் இயங்கினால்தான் ஒரு சேலை உருவாகும்.

காஞ்சிபுரத்துப் பட்டுச்சேலையை எடுத்துக்கொள்வோம். அதன் உடல் ஒரு நிறமாகவும் கரை வேறொரு நிறமாகவும் இருக்கும். ஒரே நாடாவை விளிம்புக்கு விளிம்பு எறிந்தால் இரு நிறமும் கலந்துவிடும் அல்லவா? அதனால் உடலுக்கு ஒன்று, இருபுறக் கரைக்கு இரண்டு என மூன்று நாடாக்கள் கொண்டு நெய்து, கரை நூலையும் உடல் நூலையும் ஒவ்வோர் இழையிலும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே செல்வர். இதற்குக் கோர்வை என்று பெயர். முந்தானை தொடங்கும் இடத்தில் இன்னும் நுட்பமான வேலை காத்திருக்கின்றது. அங்கே பாவு நூலின் நிறத்தையே மாற்ற வேண்டும். பழைய நிறத்துப் பாவோடு புதிய நிறத்துப் பாவை இழை இழையாக இணைப்பார்கள். நெசவாளர் இதனைப் பிட்னி என்பர். நல்ல காஞ்சிபுரச் சேலையில் உடல் கிழிந்தாலும் கரை பிரியாது என்று பெரியோர் கூறுவது இந்த இணைப்பின் உறுதி கருதியே.

ஆசிரியர் என்ற முறையில் ஒன்றை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். கோர்வைத் தறியில் ஒரு பக்கத்துக் கரை நாடாவை எறிய இரண்டாம் ஆள் ஒருவர் தேவை. அந்த இரண்டாம் ஆள் பல காலம் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்துள்ளார். பள்ளிக்கூடம் செல்ல வேண்டிய வயதில் தறியடியில் உட்கார்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். பால்மரக் காட்டில் மங்கு துடைக்கத் தாயோடு சென்று, படிப்பை நான்காம் வகுப்போடு நிறுத்திய நம் தோட்டத்துப் பிள்ளைகளை இது நமக்கு நினைவூட்டுகின்றது. அழகிய பொருளைக் கண்டு மகிழும்போது அதன் பின்னால் உள்ள உழைப்பு யாருடையது என்று கேட்பதும் கல்வியின் பகுதியே.

காஞ்சிபுரம் மட்டுமன்று. மதுரையில் சௌராஷ்டிர மக்கள் துணியில் நூற்றுக்கணக்கான சிறு முடிச்சுகளிட்டுச் சாயம் தோய்த்துச் செய்யும் சுங்குடி உண்டு. செட்டிநாட்டுக் கண்டாங்கி உண்டு. மயிலாடுதுறையை அடுத்த கூறைநாட்டுப் புடவை உண்டு. நம் பாட்டியர் பலர் கண்டாங்கிக் கட்டையே சேலையின் இலக்கணமாகக் கொண்டிருந்தனர்.

இத்தகைய தறிகள் வீழ்ந்தது எவ்வாறு? இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில் நீராவியால் இயங்கும் ஆலைகள் எழுந்தன. இந்தியாவின் பருத்தி கப்பலேறி அங்கே சென்று, ஆலைத் துணியாகத் திரும்பி வந்து, உள்ளூர்த் துணியைவிட மலிவாக விற்றது. ஆட்சியும் அவர்களுடையதாகையால் தடுப்பார் இல்லை. இராட்டை பரணுக்குச் சென்றது. நெசவாளர் பலர் கூலிகளாயினர்.

1905ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் கல்கத்தா நகர மண்டபத்தில் கூடிய பெருங்கூட்டம் அந்நியப் பொருளை விலக்குவதென உறுதி பூண்டது. அதுவே சுதேசி இயக்கத்தின் தொடக்கம். அந்நாளின் நினைவாகவே 2015 முதல் இந்தியாவில் ஆகஸ்டு 7 தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகின்றது. தமிழகத்தில் வ. உ. சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டதை மாணவர் அறிவர். அவரே தூத்துக்குடியில் தரும சங்க நெசவுச் சாலை ஒன்றும் நிறுவினார் என்பதைப் பலர் அறியார். கப்பல் பெரிது, தறி சிறிது, ஆகவே கப்பல் மட்டும் நினைவில் நின்றது போலும்.

பின்னர் வந்தார் காந்தியடிகள். 1917இல் அவர் பீகாரின் சம்பாரண் மாவட்டத்தில் அவுரி பயிரிட்ட உழவர்க்காக உழைத்தார். அங்கே ஒரு சிற்றூரில் பெண்கள் அழுக்கான உடையோடு இருப்பதைக் கண்டு, காரணம் கேட்டுவரத் தம் துணைவியார் கஸ்தூரிபாயை அனுப்பினார். ஒரு பெண் அம்மையாரைத் தன் குடிசைக்குள் அழைத்துச் சென்றாள். அங்கே பெட்டியும் இல்லை, மாற்றுத் துணியும் இல்லை. உடுத்திருப்பது ஒன்றே தன்னிடமுள்ள சேலை, இதனை எப்படித் துவைப்பேன், மற்றொன்று வாங்கித் தரச் சொல்லுங்கள், நாளும் குளிக்கிறேன் என்றாள். காந்தியடிகள் தம் வாழ்க்கை வரலாற்றில் இதனைப் பதிந்துள்ளார். சேலை என்றவுடன் சரிகையை மட்டும் நினைப்போர் இந்தப் பெண்ணையும் நினைத்துக்கொள்வது நன்று.

அக்காலத்தில் காந்தியடிகளுக்கே இராட்டை எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை. கங்காபென் என்னும் அம்மையார் குஜராத்தில் ஊர் ஊராகத் தேடி, பரோடா சமஸ்தானத்து விஜாபூரில் பரணில் கிடந்த இராட்டைகளைக் கண்டுபிடித்தார். முதலில் நெய்த கதர் அகலம் போதாததாய் இருந்தது. ஒரு மாதத்துள் 45 அங்குல அகலத்தில் வேட்டி தராவிட்டால் குட்டைத் துணியையே உடுத்துவேன் என்று காந்தியடிகள் கூற, அந்த அம்மையார் கெடுவுக்குள் நெய்து அனுப்பினார். விடுதலைப் போரின் பெரிய ஆயுதமாகிய கதர் இப்படி ஒரு பெண்ணின் அலைச்சலால் கிடைத்தது.

இங்கே ஒரு வேறுபாட்டை விளக்க வேண்டும். கையால் நூற்ற நூலைக் கையால் நெய்தால் அது கதர். ஆலையில் நூற்ற நூலைக் கையால் நெய்தால் அது கைத்தறி. ஆகவே கதர் எல்லாம் கைத்தறியே. கைத்தறி எல்லாம் கதராகாது. நெசவாளர் பலர் ஆலை நூலையே விரும்பினர். கைந்நூல் ஒரே சீராக இராது, தறியில் அடிக்கடி அறும். ஆனால் ஒரு தறிக்கு வேண்டிய நூலை நூற்கப் பல இராட்டைகள் சுழல வேண்டும். பல ஏழை வீடுகளில் சில காசுகள் சேரும். காந்தியடிகள் கதரை வற்புறுத்தியதன் பொருளாதாரக் கணக்கு இதுவே.

1921 ஜூலை 31ஆம் நாள் பம்பாயில் அந்நியத் துணிகள் மலையெனக் குவிக்கப்பட்டு எரிக்கப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் மதுரை மேல மாசி வீதியில் தாம் தங்கியிருந்த வீட்டில் காந்தியடிகள் நீண்ட வேட்டியையும் மேலாடையையும் களைந்து, முழங்கால் அளவுத் துண்டு ஒன்றை உடுத்தினார். கதர் வாங்கப் பணமில்லை என்ற ஏழைகளுக்கு, துணியைக் குறைத்துக்கொண்டேனும் அந்நியத் துணியை விடலாம் என்று காட்டவே அவ்வாறு செய்தார். இன்று உலகெங்கும் சிலைகளில் காணும் அக்கோலம் தமிழ் மண்ணில் பிறந்தது.

ஆடவர்க்கு இது எளிது. பெண்களுக்கோ கதர் ஒரு சோதனை. பட்டும் மெல்லிய ஆலைத் துணியும் உடுத்திப் பழகியவர்க்கு அக்காலக் கதர்ச் சேலை தடித்தது, கனத்தது. நனைந்தால் பிழிவதே ஒரு வேலை. ஆந்திரத்துப் பொந்தூரில் ஒருவகை மீனின் தாடை எலும்பால் பஞ்சைக் கோதி மெல்லிய கதர் செய்தனர் எனினும், அஃது எல்லார்க்கும் கிட்டுவதன்று. இருப்பினும் பெண்கள் ஏற்றனர். நாவலாசிரியை வை. மு. கோதைநாயகி அம்மாள் காந்தியடிகளைச் சந்தித்தபின் பட்டையும் நகையையும் துறந்து கதர் உடுத்தினார். செல்வக் குடும்பத்தில் பிறந்த அம்புஜம்மாளும் அவ்வாறே. ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கதருடுத்தி, 1921இல் கள்ளுக்கடை மறியலில் முன்நின்றனர். நாகம்மையாரின் கணவராகிய பெரியார் ஈ. வெ. ராமசாமி அந்நாளில் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து தெருத் தெருவாக விற்றவர். பின்னர்க் காங்கிரசை விட்டு விலகி, கதர்க் கொள்கையையும் மறுத்தார். 1929ஆம் ஆண்டின் இறுதியில் அவர் பினாங்கில் வந்திறங்கியபோது பேசியது கதரைப் பற்றியன்று, சுயமரியாதையைப் பற்றி. பெரியோர் ஒருவரோடொருவர் மாறுபடுவதும் வரலாறே.

சேலையைப் பற்றிய இனிய செய்தி ஒன்றும் உண்டு. 1942 மார்ச்சில் அலகாபாத்தில் இந்திரா அம்மையாரின் திருமணம் நடந்தது. மணமகள் உடுத்தியது பொன்னும் பட்டும் அன்று. தந்தையார் ஜவகர்லால் நேரு சிறையில் இருந்தபோது நூற்ற நூலில் நெய்த இளஞ்சிவப்புக் கதர்ச் சேலை.

இனி, நெசவுக் குடியிலே பிறந்து துணிக்காகவே உயிர் துறந்த ஓர் இளைஞரைப் பார்ப்போம். ஈரோட்டை அடுத்த சென்னிமலை இன்றும் கைத்தறிக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே 1904ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் ஓர் எளிய நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் குமாரசாமி. குடும்ப வறுமையால் படிப்பு ஐந்தாம் வகுப்புக்கு மேல் செல்லவில்லை. நெசவு செய்தார், பின்னர்த் திருப்பூர் சென்று வேலையில் அமர்ந்தார். இன்று பின்னலாடைக்குப் புகழ்பெற்ற திருப்பூர் அன்று கதர் உற்பத்தியின் நடுவங்களுள் ஒன்று. 1932 ஜனவரி 10ஆம் நாள் தடையை மீறி அங்கே ஊர்வலம் சென்றது. குமரன் கையில் மூவண்ணக் கொடி. அக்கொடியின் நடுவே இருந்தது இராட்டை. கொடியோ கதர்த் துணி. போலீசார் தடிகொண்டு தாக்கினர். மண்டை பிளந்து வீழ்ந்தபோதும் கொடியை அவர் விடவில்லை. மறுநாள் உயிர் பிரிந்தது. வயது இருபத்தேழு. கொடிகாத்த குமரன் என்று நாடு அவரைப் போற்றுகின்றது. தறியில் உட்கார்ந்து நூலோடு வளர்ந்த கை, தன் இனத்தார் நெய்வது போன்ற ஒரு துண்டுத் துணியைக் கீழே விழாமல் பற்றிக்கொண்டது என்று எண்ணிப் பார்க்கும்தோறும் நமக்கு நெஞ்சம் நெகிழ்கின்றது.

நாடு விடுதலை பெற்றபின் நெசவாளர் நிலை என்ன? உப்புப் போரில் பம்பாயில் சிறை சென்ற கமலாதேவி சட்டோபாத்தியாயர் 1952இல் அனைத்திந்தியக் கைவினை வாரியத்தின் தலைவராகி, 1988இல் மறையும் வரை கைவினைஞர்க்காக ஊர் ஊராகச் சென்றார். தமிழகத்தில் 1935இலேயே தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் கூட்டுறவு நிறுவனம் இன்றும் விற்பனை செய்கின்றது. 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சேலை முதலிய சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கியது. எனினும் விசைத்தறி அவ்வகைகளையும் நெய்து குவித்து, கைத்தறி என்று பெயரிட்டு விற்பது நிற்கவில்லை. அரசின் கணக்கெடுப்பின்படி 1995இல் இந்தியாவில் சுமார் 65 இலட்சம் பேர் கைத்தறியை நம்பி வாழ்ந்தனர். 2019-20ஆம் ஆண்டுக் கணக்கில் அத்தொகை 35 இலட்சம். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். குமரன் உயிர் கொடுத்த கதர்க்கொடிக்கும் மாற்றம் வந்துவிட்டது. இந்தியாவின் தேசியக் கொடியைக் கையால் நூற்ற, கையால் நெய்த துணியில்தான் செய்ய வேண்டும் என்றிருந்த விதி 2021 டிசம்பரில் திருத்தப்பட்டு, இயந்திரத்தில் செய்த பாலியெஸ்டர் கொடிக்கும் இடமளிக்கப்பட்டது. மலிவாகப் பல வீடுகளில் கொடி பறக்கலாம் என்பது ஒரு பக்கம். கதர் நெய்வோர் வருந்தியது மறுபக்கம். முன்னதில் பொருள் இருப்பினும் நம் மனம் பின்னதையே சார்கின்றது.

கடையில் கைத்தறியை அறிவது எவ்வாறு என்று தாய்மார்கள் கேட்கக்கூடும். சேலையைப் புரட்டி உள்பக்கம் பார்க்க வேண்டும். காஞ்சிபுரக் கோர்வையாயின் கரையும் உடலும் சேரும் இடத்தில் இரு நிற நூல்களும் பல் பல்லாகக் கோத்திருக்கும். கையால் நெய்ததில் இழைகளுக்கிடையே சிறு ஏற்றத்தாழ்வு இருப்பது இயல்பு. கண்ணாடி போல் சீராக இருப்பது ஐயத்துக்குரியது. 2006 முதல் வழங்கும் கைத்தறி முத்திரையும், பட்டுக்கெனத் தனியே உள்ள பட்டு முத்திரையும் உள்ளனவா என்று பார்ப்பது இன்னும் பாதுகாப்பு. ஓர் இழையைப் பிரித்துக் கொளுத்தினால் உண்மைப் பட்டு மயிர் கருகும் நாற்றம் தரும். செயற்கை இழை உருகி உருண்டு நிற்கும். இச்சோதனையைப் பெரியோரே செய்க. பிள்ளைகள் அம்மாவின் சேலையில் செய்து பார்க்க வேண்டா!

நம் மண்ணுக்கு வருவோம். நெசவு நாட்டை விட்டுக் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் முன்னோர் கையில் தறி இல்லை. பால் வெட்டும் கத்தியும் வாளியும்தான். துணி கடல் கடந்தே வரவேண்டும். 1941 டிசம்பரில் ஜப்பானியர் நுழைந்ததும் அவ்வரவு நின்றது. ஈராண்டில் இருந்த துணி நைந்தது. தோட்டங்களில் சாக்கை வெட்டித் தைத்து உடுத்தினர். இருக்கும் ஒரு நல்ல சேலையை லயத்துப் பெண்கள் மாறி மாறிக் கட்டிக்கொண்டு வெளியே சென்றதாக இவ்வட்டாரத்து மூதாட்டியர் சொல்ல நாம் கேட்டிருக்கின்றோம். சம்பாரண் பெண்ணின் குடிசை கால் நூற்றாண்டுக்குப் பின் மலாயா லயத்தில் மீண்டும் எழுந்தது.

அத்தகைய நாளில்தான், 1943 ஜூலையில், நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். பெண்களுக்கென ஒரு படை வேண்டும் என்றார். சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் மருத்துவம் செய்துவந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் இருபது பெண்களைத் திரட்டினார். ஜூலை 12ஆம் நாள் அப்பெண்கள் கனத்த துப்பாக்கி ஏந்தி நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை அளித்தனர். அவர்கள் உடுத்தியிருந்தது சேலை. அக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அங்கே சேலை களைந்து கால்சட்டையும் மேற்சட்டையும் தொப்பியும் அணிந்தனர். பலர் கூந்தலையும் வெட்டிக்கொண்டனர். வீட்டுக்கு வெளியே முக்காடின்றிச் செல்லாத குடும்பத்துப் பெண்கள் அவர்களுள் உண்டு.

கோலாலம்பூரில் நேதாஜியின் சொற்பொழிவைக் கேட்ட பள்ளிப் பருவத்து ஜானகி, அணிந்திருந்த காதணிகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படையில் சேர்ந்தார். பர்மா வரை சென்று கேப்டன் ஆனார். 1945இல் பின்வாங்கும் படையோடு இரவுகளில் நடந்து திரும்பினார். ஜானகி ஆதி நாகப்பன் என்று பின்னாளில் அறியப்பட்ட அவர் 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியபோது அதில் பங்கேற்றார். இந்திய அரசு 2000ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ வழங்கியது. 2014இல் மறைந்தார். ஈப்போவிலிருந்து தமக்கையோடு சேர்ந்த ராசம்மா பூபாலன் பின்னர் ஆசிரியையாகிப் பள்ளி முதல்வராகவும் விளங்கினார். லட்சுமி அம்மையார் கான்பூரில் ஏழைகட்கு மருத்துவம் செய்து 2012இல் மறைந்தார்.

இவர்கள் படித்தவர்கள், பெயர் நின்றது. ஆனால் அப்படையில் சேர்ந்தோருள் மிகப் பலர் மலாயா ரப்பர்த் தோட்டத்துப் பெண்கள். எழுதப் படிக்கத் தெரியாதோரும் இருந்தனர். முகாமில்தான் எழுத்துக் கற்றனர். படையின் மொத்தத் தொகையே ஆயிரம் என்பாரும் அதற்குக் குறைவு என்பாரும் உளர். தொகையே உறுதியில்லாதபோது பெயர்கள் எங்கே கிட்டும்? போர் முடிந்து மீண்டும் லயத்துக்குத் திரும்பி, சேலை உடுத்தி, அதன்மேல் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, விடியுமுன் பிரட்டுக்குச் சென்று நின்ற அவர்களைப் பற்றிக் கிராணிமார் ஏட்டில் கூலி எண் மட்டுமே இருந்தது.

ஆதலால் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். தங்கள் குடும்பத்தில் யாரேனும் ஜான்சி ராணிப் படையிலோ இந்தியத் தேசிய இராணுவத்திலோ இருந்ததாகக் கேள்விப்பட்டிருந்தால், அவர் பெயர், இருந்த தோட்டம், உறவுமுறை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். புகைப்படமோ, அக்காலத்துச் சேலையோ இருந்தால் நேரில் கொண்டு வாருங்கள். படத்தை நகலெடுத்துக்கொண்டும், சேலையை வெயில் படாமல் பருத்தித் துணியில் சுற்றிவைத்து ஒரு நாள் மாணவர்க்குக் காட்டியும், அன்று மாலையே அலுவலகத்தில் கையொப்பம் பெற்றுத் திருப்பித் தருவோம்.